தன் இரத்தத்தையே அழிக்கும் நோய்: நாயைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்குச் சில விளக்கங்கள்

எங்கள் சிறுவிலங்கு மருத்துவப் பிரிவில் "ஐ.எம்.எச்.ஏ." என்று கோப்பில் எழுதப்படும் நோயைப் பற்றி இவ்விதழில் எழுதுகிறோம். தமிழில் இதனைத் தன்னெதிர்ப்புச் சிவப்பணுச் சிதைவு நோய் எனலாம். பெயர் நீளமானது, நோயோ மிக விரைவானது. திங்கட்கிழமை உணவில் சற்று நாட்டம் குறைந்திருந்த நாய், வியாழக்கிழமை படியேற இயலாமல் தூக்கிவரப்படுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அந்த வேகத்தின் காரணமாகவே, குடும்பத்தார் நோயைப் புரிந்துகொள்வதற்கு முன்னரே பெரிய முடிவுகளை எடுக்கவேண்டிய நிலை ஏற்படுகிறது. புறநோயாளர் பிரிவின் நெரிசலில் நாங்கள் கூறுவதில் பாதிகூட மனத்தில் தங்குவதில்லை என்பதை அறிவோம். வீட்டில் அமர்ந்து நிதானமாகப் படிப்பதற்காகவே இக்கட்டுரை.

உடலுக்குள் நடப்பது என்ன?

இரத்தச் சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகி, நாயின் உடலில் ஏறத்தாழ 110 நாட்கள் உலவுகின்றன. முதுமையடைந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் அகற்றிவிட, அவற்றின் இடத்தைப் புதிய அணுக்கள் நிரப்புகின்றன. கிருமிகளை அடையாளம் கண்டு அழிக்கவேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம், இந்நோயில் தன் சொந்தச் சிவப்பணுக்களையே அயலார் எனக் கொண்டு அவற்றின்மீது எதிர்ப்பொருள்களை ஒட்டுகிறது. எதிர்ப்பொருள் ஒட்டப்பெற்ற அணு மண்ணீரலுக்குள் நுழையும்போது, அங்குள்ள விழுங்கணுக்கள் அதனை முழுவதுமாகவோ பகுதியாகவோ விழுங்கிவிடுகின்றன. நூற்றுப்பத்து நாட்கள் வாழவேண்டிய அணு சில நாட்களிலேயே மடிகிறது. மஜ்ஜை விழித்துக்கொண்டு புதிய அணுக்களைப் போதிய அளவில் அனுப்புவதற்கு மூன்று முதல் ஐந்து நாட்கள் பிடிக்கும். இடைப்பட்ட அந்த நாட்களில்தான் நாய் சரிகிறது.

சிதைந்த அணுக்களிலிருந்து வெளிப்படும் நிறமி கல்லீரலின் கொள்ளளவை மீறும்போது கண்ணின் வெண்பகுதியும் ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகின்றன. சில நாய்களில் சிவப்பணுக்கள் இரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்துவிடும். அப்போது சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வெளியேறும்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். மஞ்சள் நிறத்தைக் கண்டவுடன் "மஞ்சள் காமாலை" என்று முடிவுசெய்து, கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து இரண்டு மூன்று நாட்கள் காத்திருந்து வருபவர்கள் அதிகம். அவர்களது அக்கறையை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் இந்த மஞ்சள் நிறம் கல்லீரல் நோயினால் வந்ததன்று. இரத்தம் உடைவதனால் வந்தது. அந்த இரண்டு மூன்று நாட்கள் திரும்பக் கிடைப்பதில்லை. அவ்வாறே, "இரத்தம் குறைவு" என்று நாங்கள் கூறியதும் இரும்புச்சத்து மருந்தும் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் தேடுகின்றனர். உடைந்த அணுக்களில் இருந்த இரும்பின் பெரும்பகுதி உடலுக்குள்ளேயே இருக்கிறது. இந்நோயில் குறைபாடு இரும்பில் இல்லை. ஆட்டுச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கலாமா என்ற கேள்வியும் மாதந்தோறும் வருகிறது. சுவரொட்டி என்பது மண்ணீரலே. அணுக்கள் மடிகின்ற அதே உறுப்பைத்தான் இரத்தம் ஊறுவதற்காக வாங்குகிறோம் என்பது சற்று விந்தையானது. எனினும் நன்றாக வேகவைத்துச் சிறிதளவு கொடுப்பதனால் தீங்கில்லை. பச்சையாகக் கொடுக்கக் கூடாது.

எவ்வாறு உறுதிசெய்கிறோம்?

உங்கள் நாயின் அறிக்கையில் "பி.சி.வி." என்றொரு எண்ணைக் காண்பீர்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை நிரப்பி விரைவாகச் சுழற்றும்போது சிவப்பணுக்கள் அடியில் படிகின்றன. மொத்த உயரத்தில் அந்தச் சிவப்புத் தூண் எத்தனை விழுக்காடு என்பதே பி.சி.வி. நலமுள்ள நாயில் அது ஏறத்தாழ 37 முதல் 55 வரை இருக்கும். இந்நோயில் வருபவற்றில் 20-க்குக் கீழ் இருப்பது சாதாரணம். குழாயின் மேற்பகுதியில் நிற்கும் தெளிநீர் மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிந்தால், அதுவே முதற் சான்றாகிவிடும். குடும்பத்தார் விரும்பினால் அக்குழாயை அவர்களுக்குக் காட்டுகிறோம். எண்ணைக் கேட்பதைவிடக் கண்ணால் காண்பது பலருக்கும் எளிதில் விளங்குகிறது.

அடுத்து, ஒரு துளி இரத்தத்துடன் உப்புநீர் கலந்து கண்ணாடித் தகட்டில் அசைத்துப் பார்க்கிறோம். எதிர்ப்பொருள்கள் அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்திருந்தால், இரத்தம் மணல்மணலாகத் திரள்வது வெறுங்கண்ணுக்கே தெரியும். நுண்ணோக்கியில், நடுவில் வெளிறிய பகுதி இல்லாத, சிறுத்து உருண்ட அணுக்களைத் தேடுகிறோம். அவை விழுங்கணுக்களால் கடிபட்டுத் தப்பியவை. ஐயம் நீடித்தால் கூம்ஸ் சோதனைக்கு அனுப்புகிறோம். மனிதர்களுக்கான எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் இன்றும் செய்யப்படும் இச்சோதனையை 1945-இல் வெளியிட்ட மூவருள் ஒருவரான ராபின் கூம்ஸ், எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்றவர். இது எங்கள் துறையினர் மாணவர்களிடம் சற்றுப் பெருமிதத்துடன் கூறும் செய்தி.

இத்துடன் தேடல் நிற்பதில்லை. நோயெதிர்ப்பு மண்டலம் தானாகவே தடம்மாறியதா, அல்லது வேறொன்று அதனைத் தூண்டியதா என்பதை அறிந்தாக வேண்டும். நம் ஊர்களில் முதலில் ஐயுறவேண்டியது உண்ணிகள் வழியே பரவும் ஒட்டுண்ணிகளையே. அவற்றுள் "பபேசியா கிப்சோனி" என்பதற்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1910-இல் டபிள்யூ. எஸ். பாட்டன் என்பவர், மெட்ராஸ் வேட்டைக் குழுவினர் வளர்த்த நாய்களின் இரத்தத்தில் இதனை முதன்முதலாகக் கண்டு விவரித்தார். பின்னர் நரியின் இரத்தத்திலும் கண்டார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் அது இங்கிருந்து அகலவில்லை. நாய்களில் தன்னெதிர்ப்புச் சிதைவைத் தூண்டக்கூடிய காரணங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. ஒட்டுண்ணி இருக்குமானால் அதற்கான மருந்தே அடிப்படைச் சிகிச்சை. அதனைக் கவனியாமல் எதிர்ப்பாற்றலை மட்டும் அடக்கினால் ஒட்டுண்ணிக்கு வழிவிட்டதாகிவிடும். உங்கள் நாய்க்கு அட்டோவாகோன் என்னும் திரவ மருந்து எழுதப்பட்டிருந்தால், அதனைக் கொழுப்புள்ள உணவுடன் கொடுக்கச் சொல்வது சுவைக்காக அன்று. கொழுப்பு இல்லாவிடில் அம்மருந்து குடலில் சரிவர உறிஞ்சப்படுவதில்லை.

உணவு பற்றியும் விரிவாகக் கேட்போம். சங்கடப்படாமல் உள்ளதைக் கூறவேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. சாம்பார் சாதமும் குழம்பு ஊற்றிய சோறும் நாள்தோறும் உண்ணும் நாய்க்கு இரத்தச்சோகை வந்தால், அது தன்னெதிர்ப்பு நோயாகவே இல்லாமலும் இருக்கலாம். அவ்வாறாயின் சிகிச்சையின் திசையே மாறிவிடும். துத்தநாகம் கலந்த பொருள்களை விழுங்கியிருந்தாலும் இதே தோற்றம் உண்டாகும். வயிற்றை ஊடுகதிர்ப் படம் எடுப்பதன் காரணங்களுள் அதுவும் ஒன்று. எத்தனை தேடியும் காரணம் கிடைக்காத நாய்களும் உண்டு. காக்கர் ஸ்பானியல் போன்ற சில இனங்களில் இந்நோய் கூடுதலாக வருகிறது என்பதால், பரம்பரைக் கூறும் இதில் இருக்கிறது எனலாம்.

"நான் கவனித்திருந்தால்..."

நோய் உறுதியானதும் பெரும்பாலான குடும்பங்களில் ஒருவர் அமைதியாகிவிடுவார். அவரே நாய்க்கு உணவு வைப்பவராகவோ, நடைக்கு அழைத்துச் செல்பவராகவோ இருப்பார். சிறிது நேரம் கழித்து, "போன வாரமே சோர்ந்துதான் இருந்தது, டாக்டர், வெயில் என்று விட்டுவிட்டேன்" என்பார். அவருக்கு நாங்கள் கூறுவது இதுதான். பி.சி.வி. மெல்லக் குறையும்போது நாயின் உடல் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, கடைசிக் கட்டம்வரை வாலாட்டிக்கொண்டே இருக்கும். நாள்தோறும் ஈறைத் திறந்து பார்க்கும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. உண்ணியைக் கண்டும் மருந்திடாமல் விட்டதாக வருந்துபவர்களும் உளர். உண்ணி கடித்த நாய்களில் மிகப் பெரும்பான்மையானவற்றுக்கு இந்நோய் வருவதில்லை. ஏன் இந்த ஒரு நாய்க்கு வந்தது என்பதை மருத்துவம் முழுவதும் விளக்கவில்லை. குற்றவுணர்ச்சியில் மூழ்கியவர் மருந்து அட்டவணையைச் சரியாகக் கேட்டுக்கொள்வதில்லை என்பதனால், இதனை ஆறுதலுக்காக மட்டும் நாங்கள் கூறவில்லை.

முதல் இரண்டு வாரங்கள்

உண்மையை மறைக்காமல் எழுதுகிறோம். இது உயிராபத்தான நோய். பல நாடுகளில் வெளியான ஆய்வுகளில், மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கு மேற்பட்ட நாய்கள்வரை இறந்ததாகப் பதிவாகியுள்ளது. இறப்புகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு வாரங்களில் நேர்கின்றன. அவ்விரு வாரங்களைக் கடந்துவிட்ட நாய்க்கு நெடுநாள் வாழும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

இரத்தம் குறைவதைக் காட்டிலும் இரத்தம் உறைவதே பல நாய்களின் உயிரைப் பறிக்கிறது என்பது குடும்பத்தாருக்கு வியப்பாக இருக்கும். அழற்சியும் சிதைந்த அணுக்களின் துகள்களும் உறைதலைத் தூண்டுகின்றன. உறைகட்டி நுரையீரலின் குழாயை அடைத்தால், தேறிவந்த நாயும் திடீரென மூச்சுக்குத் திணறும். அதனைத் தடுப்பதற்காகவே குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரையைச் சேர்க்கிறோம். "இது இதய நோயாளிகளுக்கானது, நாய்க்கு ஏன்?" என்று மருந்துக்கடையில் கேட்டதனால் வாங்காமல் திரும்பியவர்கள் உண்டு. சீட்டில் இருப்பது சரியே. ஐயம் இருந்தால் எங்களைத் தொலைபேசியில் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

இரத்தம் ஏற்றுவது நோயைக் குணப்படுத்தாது. மருந்து வேலைசெய்யத் தொடங்கும்வரை உயிரைத் தாங்கிப்பிடிப்பதே அதன் பணி. ஏற்றப்படும் அணுக்களையும் அதே எதிர்ப்பொருள்கள் தாக்கக்கூடும் என்பதால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை தேவைப்படலாம். எப்போது ஏற்றுவது என்பதை எண்ணை மட்டும் வைத்து நாங்கள் முடிவுசெய்வதில்லை. 14-இல் அமைதியாகப் படுத்திருக்கும் நாயும் உண்டு. ஒரே இரவில் 30-லிருந்து 18-க்கு விழுந்து மூச்சிரைக்கும் நாயும் உண்டு. முன்னதைக் காத்திருந்து பார்க்கலாம். பின்னதற்குக் காத்திருக்க நேரமில்லை.

வீட்டிற்கு வந்தபின்

சிகிச்சையின் அச்சாணி பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு. தொடக்கத்தில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். எடை மிகுந்த நாய்களுக்கு உடற்பரப்பின் அளவை வைத்துக் கணக்கிட்டுக் குறைத்துக் கொடுப்போம். பத்துக் கிலோ நாய்க்கு 20 மில்லிகிராம் என்றதும், "எங்கள் பாட்டிக்கு ஆஸ்துமாவுக்கே ஐந்துதானே கொடுக்கிறார்கள்" என்று அஞ்சுகிறார்கள். அச்சம் இயல்பானது. நோயெதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலை நிறுத்துவதற்கு இந்த அளவு வேண்டும். மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிப்பதற்கான அளவு வேறு.

இம்மருந்தினால் நாய் குடம்குடமாக நீர் குடிக்கும், மணிக்கொருமுறை சிறுநீர் கழிக்கும், எப்போதும் பசியோடு அலையும், மூச்சு வாங்கும், சில வாரங்களில் தொடைத் தசை மெலிந்து வயிறு பெருக்கும். ஐந்தாறு ஆண்டுகளாக வீட்டை அசுத்தம் செய்யாத நாய் கூடத்தின் நடுவில் சிறுநீர் கழித்துவிட்டுத் தலைகவிழ்ந்து நிற்கும். அதனைத் திட்ட வேண்டாம். நீரைக் குறைப்பதும் கூடாது. குறைத்தால் சிறுநீர் குறையாது, நாய்தான் வறண்டுபோகும். இரவில் இரண்டு முறை எழுந்து வெளியே அழைத்துச் செல்லவேண்டியிருக்கும். இப்பணி ஒருவர்மீதே விழுவதைக் காண்கிறோம். பெரும்பாலும் அவர் வீட்டின் மூத்த பெண்மணி. மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவார், காணொளி அழைப்பில் எங்களிடம் நுணுக்கமான கேள்விகளும் கேட்பார். மூட்டுவலியுடன் மூன்றாம் மாடியிலிருந்து நாயை இறக்கி ஏற்றுபவரோ அம்மா. அவரது தூக்கத்தையும் கணக்கில் கொண்டே மருந்து நேரங்களை அமைக்கிறோம். காலை ஆறு, மாலை ஆறு என்பது இயலாதெனில் எட்டு, எட்டு என்று மாற்றலாம், தயங்காமல் கூறுங்கள்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. நான்காம் வாரத்தில் நாய் முழுவதும் தேறிவிட்டதுபோல் தோன்றும். பக்கத்து வீட்டார், "ஸ்டீராய்டு கிட்னியைக் கெடுத்துவிடும்" என்பார். மருந்து நின்றுபோகும். பத்து நாட்களில் அந்நாய் முன்னிலும் மோசமான நிலையில் திரும்பி வரும். திடீரென நிறுத்துவதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. அடங்கியிருந்த தாக்குதல் மீண்டும் எழலாம். மேலும், வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருப்பதால் நாயின் அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையை நிறுத்தி உறங்கிவிடுகின்றன. அவை விழிப்பதற்குள் மருந்தை நிறுத்தினால் வாந்தியும் தளர்ச்சியும் உண்டாகி நாய் மயங்கி விழக்கூடும். பி.சி.வி. 30-க்கு மேல் இரண்டு வாரங்கள் நிலைத்தபின் ஏறத்தாழக் கால் பங்கைக் குறைப்போம். மூன்று வாரம் பொறுத்து, மீண்டும் இரத்தம் சோதித்து, அடுத்த கால் பங்கு. 20 மில்லிகிராம் 15 ஆகி, பின்னர் 10-ஐ ஒட்டி இறங்கும். இவ்வாறு முழுவதும் நிறுத்த மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். பக்கத்து வீட்டார் ஸ்டீராய்டை அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. அளவைக் கூடிய விரைவில் குறைக்கவேண்டும் என்பதே எங்கள் நோக்கமும். அதற்காகவே சில நாய்களுக்கு அசாத்தியோபிரின், மைக்கோபினோலேட், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்க்கிறோம். முதலிரண்டையும் கையுறை அணிந்தே கையாள வேண்டும்; மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது; வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அவர் அவற்றைத் தொடவே வேண்டாம். இட்லித் துண்டுக்குள்ளோ தயிர்சாத உருண்டைக்குள்ளோ முழு மாத்திரையை வைத்துக் கொடுப்பது எளிது. வெறும் உருண்டை ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் கொடுத்தால், நடுவில் வருவதை நாய் ஆராய்வதில்லை.

காய்ச்சல், கால்வலி என்று தோன்றினாலும் வீட்டிலுள்ள பாரசிட்டமால், இபுபுரூபன், டைக்ளோபினாக் ஆகியவற்றுள் எதனையும் கொடுக்காதீர்கள். வலிநிவாரணிகள் ஸ்டீராய்டுடன் சேர்ந்தால் இரைப்பையில் புண்ணும் இரத்தக்கசிவும் உண்டாகும். தாரைப்போல் கறுத்த மலம் அதன் அடையாளம்.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் காலை, சன்னலருகே இயற்கை வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். குழல்விளக்கின் ஒளியில் எல்லா ஈறும் வெளிறியே தெரியும். இயல்பாகவே கறுத்த ஈறுடைய நாயாக இருந்தால் கீழிமையை மெல்ல இறக்கி உட்புறத்தைப் பார்க்கலாம். சிறுநீரின் நிறம், மலத்தின் நிறம், உணவு, கொடுத்த மருந்து ஆகியவற்றை ஓரிரு சொற்களில் குறியுங்கள். ஸ்டீராய்டினால் வரும் இரைப்பையும் உண்மையான மூச்சுத்திணறலையும் வேறுபடுத்துவதற்கு ஒரு வழி உண்டு: நாய் உறங்கும்போது ஒரு நிமிடத்தில் மார்பு எத்தனை முறை எழுந்து தாழ்கிறது என்று எண்ணுங்கள். முப்பதுக்குக் கீழ் இருந்தால் கவலை வேண்டாம். உறக்கத்திலும் நாற்பதைத் தாண்டினால், அல்லது ஈறு வெண்மையாகவோ மஞ்சளாகவோ மாறினால், அல்லது நாய் எழுந்து நிற்க இயலாமல் சாய்ந்தால், விடியும்வரை காத்திராமல் அழைத்து வாருங்கள்.

உண்ணிகளைப் பொறுத்தவரை, நாயின்மேல் இருப்பவை ஒரு பகுதியே. இரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆகவே நாய்க்கு மருந்திடும் அன்றே படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து, வெடிப்புகளைச் சுண்ணாம்போ சிமெண்டோ கொண்டு அடைப்பது நல்லது. மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்திற்கு ஒருமுறையோ கொடுக்கும் மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. உங்கள் நாய்க்கு எது ஏற்றது எனக் கேட்டு வாங்குங்கள். மண்ணெண்ணெய் தடவும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். தடுப்பூசிகள், குறிப்பாக வெறிநோய்த் தடுப்பூசி, இக்காலத்தில் எப்போது போடவேண்டும் என்பதை நாய்க்கு நாய் தனியே முடிவுசெய்வோம். நீங்களாகவே வேறிடத்தில் போட்டுவிட வேண்டாம்.

பணமும் முடிவுகளும்

"ஒரு நாய்க்கா இவ்வளவு செலவு?" என்று உறவினர் கேட்பதைப் பலரும் எங்களிடம் கூறி வருந்துகின்றனர். அக்கேள்விக்கு நீங்கள் யாருக்கும் விடைசொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் எங்களிடம் உங்கள் வரம்பைச் சொல்லியாக வேண்டும். முதல் நாளே, "எங்களால் இவ்வளவுதான் இயலும்" என்று கூறுபவரை நாங்கள் அன்பு குறைந்தவராக எண்ணுவதில்லை. தொகை தெரிந்தால், எந்தச் சோதனையை விடலாம், எதனை விடவே கூடாது என்று திட்டமிட முடியும். பி.சி.வி.யும் இரத்தப் பூச்சும் குறைந்த செலவில் முடிபவை. பிரட்னிசலோன் விலை குறைந்த மருந்து. நகையை அடகுவைத்து முதல் மூன்று நாளில் எல்லாவற்றையும் செலவிட்டுவிட்டு, மூன்றாம் வாரம் இரத்தம் சோதிக்கப் பணமின்றி வராமல் இருந்துவிடுவதைவிட, எளிய சிகிச்சையை ஆறு மாதமும் தொடர்வது மேல். இது எங்கள் உறுதியான கருத்து.

சில நாய்களுக்கு எல்லா முயற்சியும் பயனின்றிப் போகும். ஏற்றிய இரத்தம் ஒரு நாளில் அழிந்து, மீண்டும் ஏற்றியதும் அழிந்து, நுரையீரலும் அடைபட்ட நிலையில், வலியின்றி உயிர் நீங்கச் செய்வதைப் பற்றி நாங்களே பேச்சைத் தொடங்குவோம். அதனை எழுப்பவேண்டிய சுமையைக் குடும்பத்தார்மீது வைப்பது முறையன்று. தாழ்வாரத்தில் நின்றபடி கேட்காமல், தனி அறையில் அமரவைத்து, முடிவெடுக்க அவகாசம் அளிப்போம். நாய் துன்புறும் அளவைப் பொறுத்து அந்த அவகாசம் சில மணி நேரமாகவோ ஓரிரவாகவோ இருக்கலாம். இறுதியில் உடனிருக்க விரும்புவோர் இருக்கலாம், இயலாதவர் வெளியில் இருக்கலாம், இரண்டும் சரியே. குழந்தைகளிடம், "ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று சொல்ல வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள். திரும்பி வரும் நாளை அவர்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். "அதன் இரத்தம் கெட்டுவிட்டது, மருத்துவர்கள் முயன்றார்கள், முடியவில்லை, இறந்துவிட்டது" என்ற எளிய சொற்களைச் சிறுவர்கள் பெரியவர்களைவிட நன்றாகவே ஏற்றுக்கொள்கின்றனர். தனியே வாழும் முதியவரின் ஒரே துணை அந்நாய் என்றால், அடுத்த வாரம் எங்கள் செவிலியர் ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார்.

தேறிய நாய்களின் குடும்பத்தார் "மீண்டும் வருமா?" என்று கேட்கின்றனர். சிறு பகுதியினருக்கு மீண்டும் வருகிறது. மருந்தைக் குறைக்கும் மாதங்களிலும், நிறுத்திய பின்னருங்கூட வரலாம். ஆனால் ஈறைப் பார்க்கப் பழகிய வீட்டார் இரண்டாம் முறை மிக விரைவில் கண்டுபிடித்துவிடுகின்றனர்.

இரத்தக் கொடை

நாய்களுக்கு இரத்தம் கிடைப்பது எப்போதும் கடினம். சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் விலங்கு இரத்த வங்கி உள்ளது. பிற ஊர்களில் பெரும்பாலும் அந்தந்த நேரத்தில் கொடை நாயைத் தேடியே ஏற்றுகிறோம். நாய்களின் இரத்த வகைகளுள் முதன்மையானது "டி.ஈ.ஏ. 1". மனிதர்களைப் போலன்றி, நாய்களிடம் இவ்வகைக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பிறவியிலேயே இருப்பதில்லை. எனவே அவசரத்தில் முதல் முறை ஏற்றும் இரத்தம் பெரும்பாலும் பெருந்தீங்கின்றி ஏற்கப்படுகிறது. அடுத்த முறைக்குப் பொருத்தச் சோதனை கட்டாயம்.

ஒன்று முதல் எட்டு வயதுக்குட்பட்ட, 25 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள, தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்ட, இதற்குமுன் இரத்தம் ஏற்றப்படாத, சாதுவான நாய் உங்களிடம் இருந்தால் அதன் பெயரைக் கொடைப் பட்டியலில் பதிவுசெய்யலாம். ஒருமுறைக்கு ஏறத்தாழ 450 மில்லி எடுக்கிறோம். கழுத்துச் சிரையிலிருந்து எடுப்பதற்குப் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் ஆகும். பபேசியா உள்ளிட்ட ஒட்டுண்ணிகள் இரத்தத்தின் வழியாகவும் பரவும் என்பதால், முன்னதாகச் சோதனை செய்தே எடுப்போம். பதிவுக்கு வரும்போது தடுப்பூசி அட்டையைக் கொண்டுவாருங்கள்; அன்று காலை எண்ணெய், நெய் கலந்த உணவு வேண்டாம்; நீர் கொடுக்கலாம்.